பாரம் பார்க்கும் மாரப்பன்

லாரி நின்றதும் மாரப்பன் டிரைவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேராகப் பின்சக்கரத்தருகே போய்க் குந்திவிடுகிறார். டயர் தரையைத் தொடுகிற இடத்தில் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். ஸ்பிரிங் பட்டையை விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். அப்புறந்தான் நிமிர்ந்து, "ஏனுங்ணா, கரும்புங்களா? நெறையத்தான் ஏத்தீருக்கீங்க" என்கிறார், விருந்தாளியின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொள்கிற குரலில்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் நிலக்கடலையும் சோளமும் விளைவிக்கிற குடும்பம். இவர் மட்டும் படித்து, சாலை இலாகாவில் ஓவர்சியர் ஆனார். ஒரு சாலையைப் புதிதாகப் போடுமுன், அதன்மேல் என்னென்ன லாரிகள் போகின்றன, ஒவ்வொன்றின் அச்சிலும் எவ்வளவு பாரம் விழுகிறது என்று கணித்துக் கொடுப்பது இவர் வேலை. அதை வைத்துத்தான் ஜல்லியை எத்தனை கனத்துக்கு விரிப்பது என்று மேலே முடிவு செய்வார்கள். "காரும் சைக்கிளும் எத்தனை போனாலும் ரோட்டுக்குத் தெரியாதுங்க. லாரிதான். அதுலயும் பாரம் ரெட்டிச்சா ரோட்டுக்கு வலி ரெட்டிக்காது, பதினாறு பங்காயிரும்" என்பார். வெளிநாட்டில் ரோடு போட்டு, லாரி ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்ததாம்.

லாரி வருகிற சத்தத்தைக் கேட்டே பாரத்தைச் சொல்லிவிடலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை. நான் வாத்தியாராக இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பெரும்பாலும் தப்பாகிவிடும். பாரவண்டி என்றது காலியாகக் கடகடத்துப் போகும். "காது பொய் சொல்லுதுங்க. அதுக்குத்தான் எடை போடோணும்கறது" என்று சிரிப்பார். தேர்த்திருவிழாவுக்குப் போனாலும் வடம் பிடிக்காமல், தேர் போன தடத்தில் குந்தி மண் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று விரல் விட்டுப் பார்ப்பாராம். "சாமியக் கும்புடச் சொன்னா சக்கரத்தைக் கும்புட்டுட்டு வாரார்" என்பது அவர் மனைவி கமலாத்தாளின் குறை.

எங்கள் ஊர்ச் சாலையில் இந்தக் கோடையில் முன்பைவிட இரட்டைக் கனத்துக்கு ஜல்லி விரிக்கிறார்கள். அது அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை.

டீசல் விலை ஏறின பிறகு, லாரிக்காரர்கள் இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் ஏற்றத் தொடங்கினார்கள். பழைய சாலை தாங்கவில்லை. போன மழைக்காலத்தில் குழிகள் குட்டையாகி, பஸ் நின்றுபோனது. எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மாரப்பனின் தங்கை பெரியம்மாளைப் பிரசவத்துக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். வண்டி குழியில் இறங்கி வெகுநேரம் ஏறவில்லை. பெரியம்மாள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. மாரப்பன் இதைப் பேசுவதே இல்லை. ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாலையைப் புதிதாகப் போட உத்தரவாகி, பாரம் கணிக்க மாரப்பனே வந்தார். சக்கரம் ஏறி நின்றால் எடை காட்டும் இரும்புப் பலகையும், அதில் ஏறுவதற்குச் சாய்வுப் பலகைகளும் வந்தன. லாரிகளை நிறுத்த ஒரு போலீஸ்காரரும் வந்தார். அவரைக் கண்டதும் அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சுப் பரவிவிட்டது. பாரவண்டிகள் முந்தின ஊர் டீக்கடையிலேயே ஒதுங்கிக்கொண்டன. எடைக்கு வந்ததெல்லாம் காலி லாரியும் வைக்கோல் லாரியும். இந்தக் கணக்குப்படி ரோடு போட்டால் அடுத்த மழைக்கே பெயர்ந்துவிடும். மேலதிகாரியோ, சட்டம் அனுமதிக்கிற பாரத்தையே எழுதிவிட்டுக் கிளம்பு என்றார். மாரப்பன் சில நாள் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, முதல் வேலையாகப் போலீஸ்காரரைத் திருப்பி அனுப்பினார்.

இப்போது பாரவண்டிகள் வந்தன. ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. வெயிலில் தனியாக நின்று கைகாட்டுகிற ஓவர்சியரைத் தாண்டி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒவ்வொரு முறையும் கையை உயர்த்துவார், பிறகு இறக்கிக்கொள்வார்.

கோடைமழை பெய்த மறுநாள், அப்படித் தாண்டப் பார்த்த கரும்பு லாரி ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே குழியில் இறங்கிவிட்டது. ஓட்டி வந்தவர் செங்கோட்டையன். அவர் சொன்னால் இந்தத் தடத்து டிரைவர்கள் கேட்பார்கள். பின்னால் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. மாரப்பன் தன் சாய்வுப் பலகைகளைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, எங்களோடு தானும் தோள்கொடுத்துத் தள்ளினார். லாரி ஏறிவிட்டது. எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், சேறு படிந்த பலகைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

செங்கோட்டையன் இறங்கி வந்தார். "நம்பர் எழுதுனீங்கன்னா என்ற பொழப்புப் போயிருமுங்க, ஓவர்சியரே" என்றார்.

"நம்பர் எனக்கெதுக்குங்ணா? ரோட்டுக்கு உங்க பேரு தெரியாது. பாரந்தான் தெரியும்." குழியைப் பார்த்தபடி சொன்னார்: "போன மழைல என்ற தங்கச்சி வண்டி இதுலதானுங்க நின்னுபோச்சு."

குழந்தை போன கதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், செங்கோட்டையனுக்கும் தெரிந்திருந்தது. ஏறி, வண்டியை எடைப்பலகைப் பக்கம் திருப்பினார். மாரப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, லாரியின் நம்பர் பலகை தெரியாதபடி விரித்துக் கட்டினார். பிறகு, வாங்க என்று கைகாட்டினார்.

எடை முடிந்ததும் செங்கோட்டையன் தலையை வெளியே நீட்டிப் பின்னால் நின்றவர்களுக்கு ஏதோ குரல் கொடுத்துவிட்டு, துண்டோடு போயே போய்விட்டார். அடுத்த லாரி தயங்கித் தயங்கி நகர்ந்து வந்து நின்றது. மாரப்பன் வெறுந்தலையைத் தடவிப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை அந்த லாரியின் நம்பர்மேல் மாட்டிவிட்டு, பனியனோடு நடுரோட்டில் நின்று கைகாட்டினார்.