எனக்குத் துணையாக வந்த அண்ணன்

சிங்கப்பூரில் இரண்டு வருடம் மருத்துவச்சிப் பயிற்சி முடித்துவிட்டு லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது எனக்கு இருபத்தொரு வயது. செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை தயாராக இருந்தது. ஆனால் தகப்பனாரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். என் சான்றிதழில் இருந்த அரசாங்க முத்திரை அவருக்குப் போதவில்லை.

அப்பா ரயில் நிலையத்தில் வேலை பார்த்தார். தோட்டத்தில் என்னென்ன ஆபத்து என்று அவர் சொல்லச் சொல்ல நான் தாளில் எழுதிக்கொண்டேன். எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும். ஒன்று, புலி. இரண்டு, பாம்பு. மூன்று, ஆற்றுப் பாலம். நான்கு, ஊர் வாய்.

அண்ணனும் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தான். அவன் கேட்டது ஒரு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, கடைசியில் பென்ஷன். அதை யாரும் பயம் என்று சொல்லவில்லை. விவரமான பையன் என்றார்கள்.

"ஒரு வாரம் அங்க இருந்து பாரு. அண்ணன் துணைக்கு வருவான். அவன் வந்து சொல்லட்டும், அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றார் அப்பா.

தோட்டத்துக்குப் போன மூன்றாம் நாள் காலை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டதாக ஆள் வந்தது. அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டான். புலிக்கென்று ஒரு தடியும் மழைக்கென்று ஒரு குடையும் வைத்திருந்தான். பாலம் என்பது இரண்டு பலகைகள்தான். நடுவில் போனதும் நின்றுவிட்டான். கடைசியில் பை, தடி, குடை மூன்றும் என் ஒரு கையில்; மறு கையில் அண்ணன்.

லயத்துக்குள் நான் வேலையில் இருந்தபோது வெளியே அவன் குரல் கேட்டது. "தங்கச்சி பயந்த சுபாவம். அதான் நான் கூட வந்தேன்."

பாயில் கிடந்தவளுக்கு அது மூன்றாவது பிரசவம். முந்தின நாள் வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். வலி சற்று விட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாலத்துல கண்ண மூடிக்கிட்டு வந்தது அவருதானே? பிள்ளைங்க ஓடி வந்து சொல்லிடுச்சுங்க."

"பேசாம மூச்ச இழுத்து விடுங்க அக்கா."

"வெரசா பெத்துடறேன்மா. இருட்டறதுக்குள்ள அவர வீட்டுல சேர்க்கணும்ல."

சொன்னபடியே மதியத்துக்குள் பெற்றாள். பெண் குழந்தை, ஆறரை ராத்தல். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் பலகையைத் தொட்டு ஓடியது. நான் முதலில் பையை அக்கரையில் வைத்துவிட்டு, திரும்ப வந்து அண்ணனைக் கூட்டிப்போனேன்.

"வீட்டுல சொல்லாத" என்றான்.

"எதை?"

அவன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

வாரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா அவனைத்தான் கேட்டார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பாலம் கொஞ்சம் மோசம்பா. தினம் போய்வர பொம்பளப் பிள்ளைக்கு..."

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அப்ப நீயும் அங்கயே தங்கிடுடா. தினம் கூடப் போய்ட்டு வா. உனக்குத்தான் இன்னும் வேலை கிடைக்கலயே."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் என் கைவிரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மோசம்னா அவ்வளவு மோசம் இல்லப்பா" என்றான். "நல்ல கெட்டிப் பலகை. தங்கச்சி தனியாவே போகலாம். நான் எதுக்கு?"

அப்பாவுக்கு மகன் சொல் போதும். கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். "என் மகன் நேரில் போய் எல்லாவற்றையும் தைரியமாகச் சோதித்துப் பார்த்துவிட்டபடியால்" என்றார். 'தைரியமாக' என்ற இடத்தில் என் பேனா கொஞ்சம் நின்றது. கடிதம் பிற்பகல் ரயிலில் போயாக வேண்டும். எழுதிவிட்டேன்.