மனைவியைக் காப்பாற்ற நான் எழுதிய மனு

என் மனைவி பகல் முழுக்க ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு பல்லைப் பெயர்க்கும் வேலைக்குப் போய்விடுவாள். தம்போயில் எங்கள் தெருவில் இருக்கும் எல்லோரும் இந்த நகைச்சுவையை என்னிடம் ஒருமுறையாவது சொல்லியாகிவிட்டது. சிரித்துச் சிரித்து என் வாயே கோணிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் குத்துச்சண்டைக்காரி. பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய இடது கண்ணோரம் அடிபட்ட இடம் ஆறி மஞ்சளாக இருந்தது. இந்தக் காலத்திலும் முகத்துக்கு மஞ்சள் பூசுகிற பெண் கிடைத்தாளே என்று என் அம்மா அன்றைக்கே தலையாட்டிவிட்டார்.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். வந்து இறங்கும் சரக்கில் கீறல், ஒடுக்கு, ஈரம் எது இருந்தாலும் கண்டுபிடித்து, கடிதம் எழுதி, படம் இணைத்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. இருபது வருடமாக இதையே செய்ததில் இந்தப் புத்தி வீடு வரைக்கும் வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு கூடிப்போனால் எழுத்து மூலம் தெரிவிக்கிற ஆள் நான் என்று அவள் தன் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். அது பொய். ஒரே ஒரு தடவைதான் எழுதினேன், அதுவும் வாட்ஸ்ஆப்பில்.

மாநில அணியில் அவள் எடைப் பிரிவுக்கு ஒரே ஓர் இடம். அங்கே தேறினால் தேசியத் தேர்வு, அதிலும் தேறினால் நாட்டின் பெயர் போட்ட சட்டையோடு வெளிநாட்டுப் போட்டி. இரண்டு முறை பதிலாளாகப் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்தவள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். வயதும் முப்பத்து மூன்று ஆகிவிட்டது. அந்த வருடம் அவள் எடையில் பெரிய போட்டி இல்லை, இடம் அவளுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தச் சமயம் பார்த்து, காசு வாங்கி ஆடுகிறவர்களும் இனி தேர்வில் கலந்துகொள்ளலாம் என்று குத்துச்சண்டைச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். மறுவாரமே ரெங்கத்திலிருந்து ஒரு பெண் பெயர் கொடுத்தாள். சிங்கப்பூரில் டிக்கெட் போட்டு நடத்தும் சண்டைகளில் ஆடுகிறவள். புரோ.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அமெச்சூர் என்றால் வேலை முடிந்து, களைத்துப்போய், சொந்தக் காசில் கையுறை வாங்கி ஆடுகிறவர்கள். புரோ என்றால் அதுவே தொழில். ஆறு சுற்று, எட்டு சுற்று என்று அடிவாங்கி உடம்பு மரத்துப்போனவர்கள். இந்த இரண்டு பேரையும் ஒரே வளையத்துக்குள் விடுவது என்ன நியாயம்? மாமாக் டீக்கடையில் கேட்டேன், ஃபேக்டரி பஸ்ஸில் கேட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஆமாம் என்றால்தான் நான் பேச்சை நிறுத்துவேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வீட்டில்தான் எடுபடவில்லை. பேட்மிண்டன் ஆடுகிறவர்கள் சம்பளம் வாங்காமலா ஆடுகிறார்கள், பந்து உதைக்கிறவர்கள் பட்டினியா கிடக்கிறார்கள், குத்துகிறவள் மட்டும் ஏன் காசு வாங்காமல் ஆட வேண்டும் என்று அவள் கேட்டாள். இறகுப்பந்து பட்டு யாருக்கும் மூக்கு உடைந்ததில்லை என்றேன். உங்கள் மூக்கா உடையப்போகிறது என்று சொல்லிவிட்டு அவள் கயிறு தாண்டப் போய்விட்டாள். அவளுக்குப் பயமே இல்லை. அதனால் அவள் பங்கையும் சேர்த்து நானே பயந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் மனு எழுதினேன், அவளிடம் சொல்லாமல். சங்கத்தின் செயலாளருக்கு, நல்ல மலாயில், ஸ்டோரில் சரக்கைத் திருப்பி அனுப்பும் அதே பாணியில் எண் போட்டு எழுதினேன். ஒன்று, தொழில்முறை ஆட்டக்காரர்களை அமெச்சூர் தேர்வில் சேர்ப்பது தர்மமல்ல. இரண்டு, என் மனைவி கை ஓங்கியதற்காக யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. மூன்று, இவ்வளவு அனுபவமுள்ள ஒருத்தியை அவளால் எதிர்த்து நிற்க முடியாது. ஆகவே அந்தப் பெயரை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே கையெழுத்து, அடையாள அட்டையின் ஐ.சி. எண். படம் இல்லாத புகாரை எங்கள் ஸ்டோரில் யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதால் ஒரு படமும் இணைத்தேன். அவள் கையுறையோடு மேடையில் நின்று சிரிக்கும் படம். என் கைப்பேசியில் அதைவிட அழகான படம் கிடையாது.

தேர்வு அன்று காலையில் எடை பார்த்தார்கள். எடைக்காக முதல் நாளிலிருந்தே இவர்கள் சரியாகச் சாப்பிட மாட்டார்கள், தண்ணீரைக்கூட அளந்துதான் குடிப்பார்கள். எடை பார்த்து முடித்ததும் சாப்பிட நான் இட்லி கட்டிக்கொண்டு போயிருந்தேன். ரெங்கத்துப் புரோவை அங்கேதான் முதலில் பார்த்தேன். கார், மேனேஜர், கூடவே நாலு பேர் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். ஒற்றைப் பையோடு பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். கையுறையில் ஒரு ஓரம் பிய்ந்து டேப் ஒட்டியிருந்தது. எடை முடிந்ததும் சாப்பிட அவளிடம் ஒரு பாக்கெட் பிஸ்கட்தான் இருந்தது. என் மனைவி இட்லி டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். நான் விடிவதற்கு முன் எழுந்து அவித்த பன்னிரண்டு இட்லியில் ஆறு எதிராளியின் வயிற்றுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், மலாய்க்காரர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மேசைமேல் என் மனு இருந்தது. அதை விட்டுவிட்டுப் படத்தை என் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார்.

இரண்டு கையுறைக்கும் நடுவில் ஊதா நிறத்தில் ஓர் உறை.

அலமாக்! போன தீபாவளிக்குத் தம்போயில் பலகாரக் கடைக்காரர் ஒருவர் மேடை போட்டு, காட்சிக்காக இரண்டு சுற்று ஆடச் சொன்னார். ஆடி முடித்ததும் அவர் பெருநாள் காசு வைத்த அங்பாவ் உறையை நீட்டினார். வாங்கக் கூடாது, அமெச்சூருக்கு ஆகாது என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள். பெருநாள் அன்று பெரியவர் ஆசையாகக் கொடுப்பதை மறுத்தால் மரியாதையா, ரெண்டு கையாலும் வாங்கு என்று அவளை அதட்டியவன் நான். வாங்க வைத்துப் படமும் பிடித்தவன் நான். ஒரு பெட்டியில் ஊசி முனையளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, அந்தப் படத்தை நூறு தடவை பார்த்தும் உறை கண்ணில் படவில்லை. நான் அதில் அவள் முகத்தை மட்டுமே பார்த்திருந்தேன்.

செயலாளர் கோபப்படவில்லை, சிரித்தார். இந்த மனுவை ஏற்றுக்கொண்டால் முதலில் உன் மனைவியைத்தான் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். காசு வாங்கியவர்களும் ஆடலாம் என்று இப்போது விதி இருப்பதால்தான் அவள் தப்பித்தாள் என்றும் சொன்னார். நான் எந்த விதியை எதிர்த்து எழுதினேனோ அதுதான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அவசர அவசரமாகக் கையை நீட்டினேன். பின்னாலிருந்து இன்னொரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது.

என் மனைவி நின்றபடியே படித்தாள். அங்பாவ் விஷயத்தில் என்னைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று தயாராக இருந்தேன். அவள் கண் இரண்டாம் எண்ணில் நிற்கவே இல்லை. மூன்றாம் எண்ணில் போய் நின்றது.

"நான் தோத்துருவேன்னு நீங்களே கையெழுத்து போட்டு குடுத்திருக்கீங்க," என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீ அடிபடுவதைப் பார்க்க முடியாமல்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கைக்குத் துணி சுற்றப் போய்விட்டாள். அந்த மண்டபத்தில் அன்றைக்கு முதல் அடி எனக்குத்தான் விழுந்தது.

மதியம் சண்டை. அமெச்சூரில் மூன்றே சுற்றுதான். முதல் சுற்றில் என் மனைவி அந்தப் பெண்ணை மூலைக்கு மூலை துரத்தினாள். ஆறு சுற்று ஆடிப் பழகியவள் சூடுபிடிக்க நேரம் எடுத்தாள், இவளோ மணி அடித்ததும் பாய்ந்தாள். நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன். பின்னால் இருந்தவர் உட்காருங்கள் லா என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டாம் சுற்று சரிசமம். மூன்றாவதில் ரெங்கத்துக்காரி விழித்துக்கொண்டாள். அவள் இடது கை வருவதே கண்ணுக்குத் தெரியவில்லை. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் அவளுக்கு, இரண்டு பேர் என் மனைவிக்கு. நடுவில் நின்றவர் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கினார்.

நான் எழுதியது அப்படியே நடந்துவிட்டது. நான் சொன்னேன் அல்லவா என்று சொல்லிக்கொள்ள எனக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

போதாக்குறைக்கு, அந்தப் பெண்ணை லார்கின் பஸ் நிலையத்தில் இறக்கிவிட வேண்டும் என்று அவள் உத்தரவு போட்டாள். நான் டிரைவர் மாதிரி முன்னால், அவர்கள் இருவரும் ஐஸ் பையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பின்னால். அந்தப் பெண் பகலில் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாளாம். புரோ என்றதும் எல்லோரும் பங்களா இருக்கா என்று கேட்கிறார்களாம். பஸ் நிலையம் நெருங்கும்போது சொன்னாள்.

"அக்கா, மொத ரவுண்டுல பேசாம வீட்டுக்குப் போயிரலாமான்னு யோசிச்சேன். நீங்களும் சிங்கப்பூர் வந்து காசுக்கு ஆடலாம். இப்பதான் புரோவா போனாலும் தேர்வுக்குத் திரும்பி வரலாமே."

கண்ணாடியில் பார்த்தேன், என் மனைவி ஐஸ் பைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் தொங்கும் குத்துப்பையில் என் மனு ஒட்டியிருந்தது. கையெழுத்து சரியாக முகத்தின் உயரத்தில். பை ஆடாமல் பிடித்துக்கொள்வது எப்போதும் என் வேலை, அன்றைக்கும் பிடித்தேன். மூன்றாவது நாள் கையெழுத்து கிழிந்தது, ஒரு வாரத்தில் எண் மூன்றும் போய்விட்டது. அவள் என்னோடு வழக்கம்போலப் பேசினாள், சமைத்தாள், கேலியும் செய்தாள். சண்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் ஒரு பாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தொழில்முறைக் குத்துச்சண்டை உரிமத்துக்கான விண்ணப்பம். முதல் சண்டை சிங்கப்பூரில், நாலு சுற்று. அதை ஆடிவிட்டு அடுத்த மாநிலத் தேர்வுக்கும் வந்து நிற்கப் போகிறாளாம். புரோக்களை உள்ளே விடக் கூடாது என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவன் வீட்டிலேயே ஒரு புரோ. நான் இன்னமும் அது தப்பு என்றுதான் சொல்கிறேன், அதையும் பாரத்தைப் பார்த்தபடியே சொன்னேன். பெட்டிஷன் எழுதுவதென்றால் இப்போதே எழுதிவிடுங்கள், குத்துப்பை காலியாகத்தான் தொங்குகிறது என்றாள்.

படம் ஒன்று வேண்டுமாம். கைப்பேசியைத் தடவிக்கொண்டே, கையில் ஒன்றும் இல்லாத படமாகத் தேடினேன்.

"அந்த அங்பாவ் படத்தையே அனுப்புங்க. இனிமே நான் வாங்கலாம் லா," என்றாள்.

கடைசிப் பக்கத்தில் நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட ஓர் இடம். பேனாவை நீட்டிவிட்டு, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர், உறவு, ஐ.சி. எண் எல்லாம் எழுதினேன். கையெழுத்துப் போடப் போனதும் அவள் பேனாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மிச்சம் ஒன்று இருந்தது, அதை எழுதப் பாரத்தில் கோடு இல்லை.

"நீ ஜெயிச்சிருவ," என்றேன்.

"இத அன்னிக்குக் காலையில சொல்லியிருக்கணும்," என்றாள். அதன் பிறகுதான் பேனாவை விட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.