ஏற்ற இறக்கம் இல்லாத குரல்

வாசிப்பவரே, உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். எனக்கும் என் நண்பனுக்கும் இடையே நடந்ததைச் சொல்கிறேன். அதன் முடிவில் நான் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் சாட்சி தேவைப்படுகிறது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. மதுரையைச் சுற்றியிருந்த கல்லூரிப் பேச்சுப்போட்டி மேடைகளில் நாங்கள் இருவரும் ஓரணி. அவன் செல்லூர்க்காரன், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவான், மேடையேறினால் தமிழில் முழங்குவான். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். எங்களுக்கென்று ஒரு பயிற்சி முறை இருந்தது. ஒருவன் பேசும்போது மற்றவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பான். குரல் தொய்ந்தால் மேசையைத் தட்டுவான். தட்டு விழுந்துவிட்டால் அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லியாக வேண்டும்.

இறுதியாண்டில் அவன் பார்வை மங்கத் தொடங்கியது. விழித்திரை நோய், போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

கோச்சடையில் என் வீட்டு மாடியில் ஒரு கணினி இருந்தது. கணினி இதழ் ஒன்றோடு வந்த குறுவட்டிலிருந்து அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியிருந்தேன். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் நிரலும் அதில் இருந்தது. ஆங்கிலத்தை மட்டும் படித்தது. தமிழுக்கு ஒரு குரல் வேண்டும், விரும்புவோர் வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பலாம் என்று அந்த நிரலை உருவாக்கிய தன்னார்வலர்கள் தங்கள் உதவிப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

"அப்ப என் குரலே எனக்குப் படிச்சுக் காட்டுமா மாப்ள?" என்றான். நோயின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

உதவிப் பக்கத்தை அவனுக்கு வாசித்தேன். அறையில் வேறு ஓசை கூடாது. செல்லூரில் எந்நேரமும் தறி ஓடும். ஆகவே என் மாடி. அடுத்த வரி: வாக்கியங்களை ஒரே சீராக, உணர்ச்சி கலவாமல் வாசிக்க வேண்டும்.

"உணர்ச்சி இல்லாம வாசிக்க நான் எதுக்குடா? பஸ் ஸ்டாண்டு மைக்குல வண்டி நம்பர் சொல்றாரே, அந்த அண்ணே போதுமே!"

"கம்ப்யூட்டர்காரங்க மேடையப் பாத்திருக்க மாட்டாங்க மாப்ள. நீ பேசு. அசந்து போயிருவாங்க."

சன்னலைச் சாத்தினோம். மின்விசிறியை நிறுத்தினோம். ஒரு சொல் மட்டும் திரையை நிறைக்குமளவு எழுத்தைப் பெரிதாக்கி, வேர்வை வழிய வழிய வாசித்தான். 'கடையில் பால் தீர்ந்துவிட்டது' என்ற வாக்கியத்தை அவன் சொன்னபோது நாடே பாலின்றித் தவிப்பது போலிருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நான் ஒருமுறையும் மேசையைத் தட்டவில்லை.

பதிவை அனுப்பிச் சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில். நிரல் ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, வேண்டிய சொல்லாக ஒட்டுகிறதாம். துண்டுகளில் குரல் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் ஒட்டாதாம். சீரான குரலில் மீண்டும் வாசித்து அனுப்ப இயலுமா என்று கேட்டிருந்தார்கள். ஒட்டிப் பார்த்த மாதிரி ஒன்றையும் இணைத்திருந்தார்கள்.

அதை ஒலிக்கவிட்டேன். யாரோ விக்கி விக்கி அழுவது போலிருந்தது. அழுதது அவன் குரல்.

முடிந்ததும் அவன், "இம்புட்டுப் பாடுபட்டு இதையா மாப்ள பேசுனேன்?" என்றான்.

மீண்டும் வாசிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் கை திரையைத் தடவிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து இனி அவனுக்குத் தெரியாது என்பதை அந்தக் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"நான் ஒவ்வொரு வரியாச் சொல்றேன். கேட்டுத் திருப்பிச் சொல்லுடா."

"அதுக்குப் பேரு ஒப்பிக்கிறது. மேடையில ஒப்பிச்சவனையெல்லாம் பாத்து நாம எம்புட்டு சிரிச்சிருக்கோம்! வேணாம்டா. நான் வாடிப்பட்டியில அக்கா வீட்டுக்குப் போறேன். இனி போட்டிக்கெல்லாம் என்னைக் கூப்பிடாத."

என் தோளைப் பிடித்தபடி பேருந்து நிறுத்தம்வரை நடந்தான். வழியெல்லாம் மறுமொழி தேடினேன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் எந்தப் பக்கமும் நின்று பேசக்கூடியவன் நான். அவனை ஏற்றி, சன்னலோரம் உட்காரவைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். வண்டி உறுமியது. அப்போதுதான் வாய் திறந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, மேடையின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு உரக்கச் சொன்னேன்:

"மாப்ள, அந்த வாக்கியம் அம்புட்டையும் நான் வாசிக்கிறேன். ஏத்தமும் இல்லாம, இறக்கமும் இல்லாம. உனக்குப் படிச்சுக் காட்டப்போறது உன் குரல் இல்ல, என் குரல்தான், பொறுத்துக்க. அனுப்புறதுக்கு முன்னாடி வாடிப்பட்டிக்கு வாரேன். நீ முதுகக் காட்டி உக்காரு. என் குரல் எங்க ஏறுனாலும் மேசையத் தட்டு. நீ தட்டுறது நிக்கிற வரைக்கும் திருப்பித் திருப்பி வாசிப்பேன்."