தட்டிப் பார்க்காத பாறை

பெங்களூர் மலையேற்றக் குழுக்காரர்களே, நீங்கள் எழுதியிருப்பது பொய். ஆல்ப்ஸ் மலைக்குப் போகுமுன் பயமில்லாமல் ஏறிப் பழகலாம் என்ற உங்கள் இணையப் பக்கத்தை நம்பித்தான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இந்தப் பாறையடியில் நிற்கிறேன். கயிறு மாட்ட நீங்கள் அடித்த இரும்புக் கொக்கிகள் வெயிலில் மின்னுகின்றன. இடுப்பில் கயிறு கட்டுகிறேன். பக்கத்துக் குவாரியில் கல் உடைக்கும் முனியம்மா வந்து, முதல் கொக்கிக்குக் கீழே சுத்தியலால் தட்டுகிறார். கணீரென்று ஒலிக்க வேண்டிய கல் பொத்தென்கிறது.

“உள்ள விரிசல் விட்டுப்போயிருக்குது சார். குவாரியில தினம் வெடி வெக்கிறாங்க இல்ல? இதுல நாங்க ஆட்டைக்கூட கட்ட மாட்டோம்.”

“கொக்கி அடிச்சவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். சிரிச்சிட்டு என்னைப் போட்டோ புடிச்சாங்க.”

கயிற்றை அவிழ்க்கிறேன். வரும் ஞாயிறு புதியவர்களை இங்கே ஏற்றப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். இவர் சொன்னதை ஏன் மறைத்தீர்கள்? ஞாயிறுக்குள் அதே இணையப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.