தீவுக்குப் போன தூதர்களும் எங்கள் சாப்பாட்டுத் தாளும்

வாசலில் வண்டி நின்றபோது என் வாயில் சோறு இருந்தது. பட்டப்பகல், சாப்பாட்டு நேரம். எங்கள் முதலாளி காதர் பாய், நாங்கள் பர்மிய வழக்கப்படி சயா, அதாவது ஐயா, என்று கூப்பிடுவோம், வெளியே எட்டிப் பார்த்தவர் முகம் செத்துப்போய்த் திரும்பினார். அந்தப் பயத்துக்குக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பிரஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

யாங்கோனில் ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ்ஸில் லேஅவுட் போடுவது என் வேலை. தின்கன்ஜூனில் வீடு, தினமும் பஸ். வெளியுறவு இலாகாவில் இருந்து ஓய்வுபெற்ற ஊ தெய்ன் என்பவர் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஒரு தீவு நாட்டுக்கு நம் நாடு அனுப்பிய தூதர்களின் வரலாறு. ஆளுக்கு ஒரு போட்டோ, ஒரு பக்கம். முதல் தூதர் கப்பலில் வாந்தியெடுத்தே பாதியாய்ப் போய் இறங்கினாராம். இன்னொருவர் தூதரகத்தின் பின்னால் புளிச்சக்கீரை போட்டு, வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதையே சமைத்துப் போட்டாராம். வேலை செய்யும்போதே எனக்குச் சிரிப்பு வரும்.

சிரிப்பெல்லாம் கடைசித் தூதர் பக்கம் வரைக்கும்தான். அந்த ஷீட்டை ஒரு பக்கம் மட்டும் ஓட்டி முடித்திருந்தோம். அப்போதுதான், ஊர் திரும்பச் சொன்ன ராணுவ அரசின் உத்தரவை அவர் மறுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. அதன் பிறகு அவர் பெயரைச் சொல்லவே ஆட்கள் பயந்தார்கள். அச்சிட்டவர் பெயரும் முகவரியும் புத்தகத்தில் இருந்தாக வேண்டும். இருப்பது சயாவின் பெயர். பக்கத்துத் தெருவில் ஒரு பிரஸ்ஸுக்கு சீல் வைத்து, அதன் முதலாளியைக் கூட்டிப்போனவர்கள் இன்னும் விடவில்லை.

"அவரு தீவுக்குப் போனாரா இல்லையா? போனாரு. அப்ப புத்தகத்துல இருக்கணும்" என்றார் ஊ தெய்ன்.

"அவரு புத்தகத்துல இருக்கட்டும். நான் வெளிய இருக்க வேணாமா?" என்றார் சயா. யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டார். ஓட்டிய ஷீட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே பழுப்புக் காகிதம் போட்டு மூடினோம்.

மூடாமல் விட்டது வேஸ்ட் ஷீட்டுகளை. மெஷினில் கலர் சரிபார்க்க ஓட்டிய தாள்கள் மூலையில் குவிந்து கிடக்கும். அதில் ஒன்றை உருவி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்க விரித்து, அதன்மேல் சாப்பிடுவது எல்லாப் பிரஸ்ஸிலும் வழக்கம். அன்றைக்கும் எங்கள் மெஷின்மேன், கோ தான் என்று பெயர், ஒன்றை விரித்தார். என்ன தாள் என்று யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

வண்டியிலிருந்து ஓர் அதிகாரியும் துப்பாக்கியோடு இரண்டு பேரும் வந்தார்கள். அதிகாரி பர்மியப் பேச்சில், "என்ன ஓடுது?" என்றார்.

"காலண்டர்" என்றார் சயா. பயத்தில் நாக்கு பழக்கப்பட்ட உபசாரத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. "சாப்பிட்டாச்சா? வாங்க, சாப்பிடலாம்."

யார் வந்தாலும் சொல்கிற பேச்சு. யாரும் உட்கார மாட்டார்கள். இந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

கோ தான் வீட்டு மீன் குழம்பு எண்ணெய் மிதக்கும். அதிகாரி குழம்பை ஊற்றிக்கொண்டபோது கொஞ்சம் தாளில் சிந்தியது. எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடித் தாள்போல ஆனது. முதலில் ஒரு தலைப்பாகை தெரிந்தது. பிறகு நெற்றி. கடைசித் தூதர் அடியிலிருந்து எழுந்து வருகிறார்.

சயா என் பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தார். "மீனாம்மா, சோத்த எடுத்து அது மேல போடு."

"என்ன பாஷை அது?" அதிகாரி நிமிர்ந்தார்.

"தமிழ். உங்களுக்கு இன்னும் சோறு போடச் சொல்றாரு" என்றேன். அவசரமாக அள்ளிப் போட்டதில் பாதிச் சோறு தட்டிலும் பாதி தூதர் முகத்திலும் விழுந்தது. அதிகாரி குனிந்தார். தாளில் விழுந்த சோற்றை விரலால் மெல்ல ஒதுக்கினார். பார்த்தார். பிறகு தன் தட்டை நகர்த்தி அந்த இடத்தில் வைத்து, மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவிவிட்டு வாசலில் நின்று சொன்னார். "சாப்பிட்ட இடத்தைச் சுத்தமா வச்சுக்கங்க. அடுத்த தடவை நான் வர மாட்டேன், வேற ஆள் வருவாங்க."

எச்சரித்தாரா, மிரட்டினாரா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அன்று மாலைக்குள் அந்த ஷீட்டுகளையெல்லாம் எரித்தோம். குழம்புத் தாள்தான் எரியும்போது அதிகம் புகைந்தது. புத்தகம் கடைசித் தூதர் இல்லாமல் வந்தது. ஊ தெய்ன் கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதைப் படிக்கிறவங்க, அந்தத் தீவுக்கு இவருக்கப்புறம் யாருமே போகலைன்னு நெனப்பாங்க" என்றார்.

தாளை விரிக்கும் முன் இரண்டு பக்கமும் பாருங்கள். நான் கற்ற பாடம் இவ்வளவுதான். நான் இப்போது இரண்டு பக்கமும் வெள்ளையான புதுத் தாளில்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் குழம்பு சிந்தினால் கை நின்றுவிடுகிறது. அடியில் யாரும் தெரியவில்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாய் இறங்குகிறது.