கூரையில் இரண்டு தட்டு

சீட் பெல்ட்டைத் தாங்கும் தகட்டில் வெடிப்பைக் கண்டும் நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் கராஜுக்கு, பழைய கார்களை மோதவிட்டு ஓடும் பந்தய அணி ஒன்று இருந்தது. பத்து வருடம் நான் ஓட்டிய காரை முதலாளி என் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டார். பந்தயத்துக்கு முன் காரைச் சோதிப்பவர், எல்லாம் சரி என்று அதன் கூரையில் இரண்டு முறை தட்டினால்தான் கார் புறப்படும்.

"அண்ணை, வயசு போட்டுது. இனித் தட்டுறதுதான் உங்கட வேலை" என்று கூட்டாளி சிரித்தான்.

தட்டினேன். மூன்றாம் சுற்றில் கார் உருண்டது. பெல்ட் கழன்றது. அவன் பிறகு நடக்கவேயில்லை.

போன வருடம் அவனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, சிகிச்சைக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

"ஓம், வாங்கோ."

செவ்வாய்தோறும் அவனைத் தூக்கிக் காரில் இருத்தி பெல்ட்டைப் பூட்டுகிறேன்.

"எல்லாம் சரியோ அண்ணை? தட்டுங்கோ."

தட்டும்வரை கதவைச் சாத்த விடமாட்டான்.