புல்லு வெட்ட வந்த மெசின்காரர்

எனக்கு எழுபத்தெட்டு வயசு. பெத்து வளத்தது அஞ்சு. மாடு கன்னுக்குப் புல்லறுத்தே நாலு அருவா தேஞ்சு போச்சு. இப்ப என்ர மகன் நாமக்கல்லுல ஊட்டு முன்னால, மாடு வாய் வெக்கக் கூடாத புல்லு ஒண்ணை வளக்கறான்.

அதை வெட்ட ஒருத்தர் மெசினோட வருவார். ஒல்லி உடம்பு, காதுல பஞ்சு. வந்ததும், மெசின் தவறி ஓடிராம இருக்கப் பிளக்கு வயரைக் கழட்டி, மெசினைச் சாய்ச்சு, பிளேடைக் கட்டைவிரலால தடவிப் பார்ப்பார். சந்தையில மாட்டுக்குப் பல்லு பார்க்கற மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும்.

சித்திரையில அந்தப் புல்லு மேலயே பேத்திக்கு நிச்சயம் வெச்சிருந்தோம். பத்து நாள் முன்னால வந்தவர் நுனியை மட்டும் வெட்டினார்.

"ஒட்ட வெட்டுப்பா."

"வெயில் காலமுங்க ஆத்தா. வேரு கருகிருமுங்க."

"எனக்கே புல்லைப் பத்திச் சொல்றயா?"

"மாடு அறுத்ததைத் தின்னுமுங்க. இங்க அறுத்தது போக நிக்கறதைத்தானுங்க பார்ப்பாங்க."

விடாம ஒட்ட வெட்ட வெச்சேன். நிச்சயத்தன்னிக்குப் புல்லு பழனிக்குப் போய் வந்த தலையாட்டம் காஞ்சு கிடந்தது. மாப்பிள்ளையோட அம்மா, "இது சோளம் காயப் போடற களமுங்களா?"ன்னு கேட்டாங்க.

ஐப்பசி மழையில புல்லு தழைச்சுது. அவரும் வந்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. என் முன்னாலயே, புல்லு கொஞ்சம் ஒசரமா நிக்கற மாதிரி பிளேடை ஒரு படி ஏத்தி வெச்சு, "இது போதுங்களா ஆத்தா?"ன்னார். அந்த மரியாதை இன்னும் எனக்குச் செரிக்கலை.

நான் சொல்லச் சொல்ல எழுதினது போதும் சாமி, இதைச் சத்தமாப் படிச்சுக் காட்டு. நான் செஞ்சது தப்புன்னு எங்கயாச்சும் எழுதியிருந்தா, அதை மட்டும் அடிச்சுடு.